கட்டத்தைப் பெரிதாக இழுத்தவர்

“இல்லன்னு சொல்றியே, போய்ப் பாத்தியா?”

அக்காவை நினைத்தால் அவர் முகம் வருவதற்கு முன்னால் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது. புது டிரைவர் ஒருத்தன், அந்தத் தெருவுக்குள் பஸ் போகாது என்பான். கேன்டீன்காரர் சாம்பார் தீர்ந்துபோச்சு என்பார். ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை என்பார்கள். எல்லாருக்கும் இதே கேள்விதான். குரலை உயர்த்தமாட்டார். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். கேன்டீன்காரர் வேறு வழியில்லாமல் அண்டாவைத் திறந்து பார்ப்பார். அடியில் நாலு கரண்டி சாம்பார் கிடக்கும். நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொள்வார். போகாமல் சொன்னவனைத்தான் விடமாட்டார்.

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டி எங்கள் பஸ் ஷெட். பெரிதாக ஒன்றுமில்லை. தகர வேலி, ஒரு புளியமரம், டீசல் வாசனை. ஓரத்தில் பழைய கன்டெய்னர் ஒன்றுக்குக் கதவும் ஜன்னலும் வெட்டி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற கான்ட்ராக்டரின் ஆபீஸ் அது. எந்த பஸ் எந்த வழியாகப் போய் எந்த ஷிப்டுக்கு யாரை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பார். நான் அங்கே டிரைவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அக்கா இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாது, நான் பேசுவது அவருக்குச் சிரிப்பாக இருக்கும். “இன்னாப்பா, உங்க ஊர்ல எல்லாரும் பாடிகினேதான் பேசுவீங்களா?” என்று கேட்பார்.

சேர்ந்த புதிதில் நானும் அந்தக் கேள்வியில் மாட்டினேன். படப்பையில் பெண்கள் ஹாஸ்டல் இருக்கிற ஒரு சந்துக்குப் பஸ் போகாது என்று சொல்லிவிட்டேன். அக்கா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். எனக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, பின்னால் உட்காரவைத்து நேரே அந்தச் சந்து முனைக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

“இப்ப சொல்லு. உன் வண்டி இதுல பூருமா, பூராதா?”

பார்த்தேன். கண்ணாடியை மடக்கினால் போகும். போகும் என்றேன்.

“அப்ப ஏன் இல்லன்ன?”

“மேப்புல காட்டலயேக்கா.”

“மேப்புல இல்லன்னா ரோடு இல்லன்னு அர்த்தமா? மேப்பு வரஞ்சவன் வர்லன்னு அர்த்தம்.”

திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தச் சந்தை அவரே வரைந்தார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று பொதுவாக ஒரு மேப் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்காவுக்கும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. முன்னால் அவர் செல்போன் கம்பெனியில், போன் பூட்டுகிற லைனில் இருந்தார். அந்த லைனை மூடிவிட்டதால் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

அந்த மேப்பை இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. திரையில் ஒரு கட்டம் போட வேண்டும். மூலைகளைப் பிடித்து இழுத்து, நமக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுக்கு வைத்துக்கொள்ளலாம். கட்டத்துக்குள் இருக்கிற ரோடு, கோயில், குளம், பஸ் ஸ்டாப் எல்லாம் ஒரு ஃபைலாக இறங்கும். கட்டத்துக்கு வெளியே இருப்பது வராது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரகடத்தைச் சுற்றிப் போட்டால் போதாதா என்று கேட்டேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிழக்கு மூலையைப் படப்பைக்கு அந்தாண்டை இழுத்தார். வடக்கு மூலையைத் தண்டலம் தாண்டி இழுத்தார். இழுத்துக்கொண்டே, “இந்த மூலையில யார் வூடு வெளிய நிக்குது, பாத்து சொல்லு” என்றார். எங்கள் பஸ்ஸில் வருகிற ஒவ்வொரு பெண்ணின் வீட்டையும் அவர் மனசில் வைத்திருந்தார். ஒரு வீடு கோட்டில் இடித்தாலும் கட்டம் இன்னும் கொஞ்சம் நகரும்.

கடைசியில் பட்டனை அழுத்தியதும், ஏரியா பெரிதாக இருக்கிறது, சின்னதாகக் கேள் என்று வெப்சைட் மறுத்துவிட்டது.

“நீ சின்னதாவே குடுப்பா, நான் பெருசா ஒட்டிக்கிறேன்” என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் துண்டு துண்டாகக் கட்டம் போட்டு இறக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி, போனில் திறக்கிற மாதிரி மாற்றி, ஒவ்வொரு டிரைவர் போனிலும் ஏற்றிவிட்டார். நெட் இல்லாத இடத்திலும் திறக்கும்.

டிரைவர்கள் சும்மா இருப்பார்களா. ஓசி மேப்புக்கு இவ்வளவு பந்தாவா என்று ஒருத்தன் கேட்டான். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். “ஓசி இல்லடா, பொது. ஓசின்னா எவனோ ஒருத்தன் போட்டது. பொதுன்னா உன்னுதுங்கூட. நாளைக்கு நீயும் ரெண்டு சந்து வரஞ்சு போடு.”

ஸ்டாப்புகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே நடந்திருக்கிறது. லாரிகளை எடை போடுகிற மேடை முன்பு இருந்ததால் உள்ளூர்க்காரர்கள் ‘எடமேடை’ என்கிற இடத்தை, எங்கள் தென்காசி, சிவகாசிப் பெண்கள் ‘புரோட்டாக்கடை’ என்பார்கள். பழைய பெயர்தான் பெயர் என்று அக்கா அடம்பிடித்தார். தினமும் அங்கே ஏறுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள்தானே என்று நான் விடவில்லை. பஸ் கிளம்ப வேண்டிய நேரமும் தாண்டிப்போனது. அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அந்த ஸ்டாப்பில் நின்றிருந்த பெண்களிடமே கேட்டுவிட்டு வந்தார். வந்து இரண்டு பெயரையும் போட்டார். தோற்றேன் என்று வாயால் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்ப்பது லேசில்லை. அவர் வீட்டுக்காரரே ஒருநாள் ஷெட்டுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டு சொன்னார், “மழை பெய்யுதுன்னு நான் சொன்னாக்கூட, ஒரு தபா வெளிய வந்து கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் கொடைய எடுக்கும்.”

இன்னொரு நாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். படப்பை ரோட்டில் பிளாட் போட்டு விற்கிறவர். பெரிய ஆர்ச் கட்டியிருந்தார், உள்ளே பொட்டல். தன் நகரின் தெருக்களை எல்லாம் மேப்பில் ஏற்றிவிடச் சொன்னார், கஸ்டமர்களுக்கு வழி காட்ட வசதியாக இருக்குமாம். அக்கா மரியாதையாகத்தான் பேசினார்.

“கல்லு நட்டா தெருவாயிடுமா சார்? ஒரே ஒரு வூடு கட்டி, ஒருத்தர் உள்ள போய் லைட்டு போடட்டும். அன்னிக்கே வந்து வரஞ்சு தர்றேன்.”

ஸ்வீட் பாக்கெட்டும் அவரோடு திரும்பிப் போய்விட்டது. எங்களுக்குத்தான் வருத்தம்.

மனுஷர் இல்லாத தெருவை வரையமாட்டேன் என்றவருக்கு, மனுஷர் இருக்கிற தெருவை இல்லை என்று சொல்கிறவர்களோடு மோதுகிற நேரமும் வந்தது. எங்கள் மேனேஜர் சார் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அதற்கென்று காசு கொடுத்து வாங்கிய மேப் அதற்குள்ளேயே இருந்தது. ஆள் பட்டியலைப் போட்டால் எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று அதுவே சொல்லும். மேனேஜர் சார் கெட்டவர் இல்லை. டீசல் கணக்குக்கும் கம்பெனிக்காரர்களின் போனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். சாஃப்ட்வேர் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார்.

அந்த மேப்பில் ஏரிக்கரைக் குடியிருப்பு இல்லை. ஏரிக்கு நீலம், பேக்டரிக்குச் சாம்பல் நிறம், நடுவில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்தான் ஓட்டு வீடும் ஷீட் வீடுமாக ஒரு ஊரே இருக்கிறது. ஏரிக்கரை மேல் போகிற மண்ரோட்டில் எங்கள் பஸ் தினமும் போய்த் திரும்புகிறது. சாஃப்ட்வேர் அதையெல்லாம் தூக்கிவிட்டு, அந்தப் பெண்கள் எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்துவந்து ஏற வேண்டும் என்று போட்டுவிட்டது.

செல்வி ஆபீஸுக்கு வந்து நின்றாள். கார் ஒயரிங் செய்கிற லைனில் வேலை பார்க்கிறவள், அந்தக் குடியிருப்பில்தான் வீடு. காலை ஷிப்டுக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். மெயின் ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர்கள் உரசிக்கொண்டு போகும். ஓரத்தில் நடக்க இடம் கிடையாது, விளக்கும் கிடையாது. பஸ் வீட்டுப் பக்கம் வருகிற வரைக்கும்தான் வேலை என்று மாமியார் கல்யாணத்தின்போதே சொல்லியிருந்தாராம். “ஸ்டாப்பு போச்சுன்னா என் வேலையும் போச்சுக்கா” என்றாள். அழவெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு லஞ்ச் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா மேனேஜரிடம் போனார். அந்த ஒரு ரூட்டை மட்டுமாவது எங்கள் மேப்பின்படி ஓட்டுகிறோம் என்று கேட்டார். எப்படிப் பேசினாரோ, சார் சரி என்றார். சில மாதம் ஓடியது. அதற்குள் மழை வந்தது.

இங்கேதான் அக்கா சறுக்கினார். கோடையில் அந்த ஏரி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும். குடியிருப்புக்காரர்கள் கரையைச் சுற்றாமல் ஏரிக்குள்ளேயே குறுக்கே போவார்கள். டிராக்டர் போகும், டெம்போ போகும், காலி பஸ்ஸை நானே ஓட்டியிருக்கிறேன். எல்லாரும் அதை ‘ஏரி ரோடு’ என்றுதான் சொல்வார்கள். அக்கா வழக்கம்போலப் போய்ப் பார்த்துத்தான் அதையும் மேப்பில் வரைந்தார். ஆனால் அவர் போய்ப் பார்த்தது சித்திரை மாசம்.

ஐப்பசியில் ஒரு காலை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத டிரைவர் ஒருவன் போனைப் பார்த்து பஸ்ஸை ஏரிக்குள் இறக்கிவிட்டான். தண்ணீர் நின்றிருந்தால் பயந்திருப்பான். மேலே புல்தான் தெரிந்தது, அடியில் முழுக்கச் சேறு. உள்ளே செல்வியும் மற்றப் பெண்களும். சக்கரம் பாதி புதைந்துவிட்டது. பெண்கள் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிக் கரையேறினார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு லைன் ஆள் இல்லாமல் நின்றது, கம்பெனியிலிருந்து மேனேஜருக்கு விடாமல் போன் வந்தது.

டிராக்டர் வைத்து இழுத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து சேர்ந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். புது டிரைவரை நாலு பேர் சூழ்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். “வுடுங்க அவன. வரஞ்சது நான், தப்பு என்னுது” என்றார். கரையிலிருந்து ஒருத்தன், “யக்கா, பஸ்ஸுக்கு நீச்சல் கத்துக்குடுத்திருக்கலாம்ல” என்றான். அக்கா அவனை முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மதியத்துக்குள் மேப்பில் திருத்திவிட்டார். ஏரிக்குள் போகிற அந்தத் தடம் வெயில் காலத்துக்கு மட்டும் என்று குறித்தார். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. மேப்பில் திருத்தினால் எங்கள் போனில் தானாகத் திருந்தாது. இறக்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் ஃபைலில் இருக்கும். மறுபடி கட்டம் போட்டு, மறுபடி இறக்கி, மறுபடி ஒட்டினார். ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தினார். பழையதை அழி, புதியதை ஏற்று. இதுதான் பேச்சு. ஏற்கனவே அழிச்சிட்டேன் என்று ஒருத்தன் தப்பிக்கப் பார்த்தான். “அழிச்சேன்னு சொல்லாத, காட்டு” என்றார். காட்ட முடியவில்லை. லீவில் ஊருக்குப் போயிருந்த டிரைவரைக்கூட விடவில்லை. அவன் அம்மா போனுக்கு வீடியோ கால் போட்டு, அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் போனில் பழையதை அழிக்கவைத்தார்.

மேனேஜர் சாருக்கு இதெல்லாம் போதவில்லை. வெள்ளிக்கிழமை உத்தரவு போட்டார். திங்கள் முதல் ஏரிக்கரை ஸ்டாப் ரத்து, இலவச மேப்பை யாரும் போனில் வைத்திருக்கக் கூடாது. அக்காவைக் கூப்பிட்டு நேரிலும் சொன்னார். கன்டெய்னர் ஆபீஸில் ஒருவர் தும்மினாலும் வெளியே கேட்கும். நாங்கள் வெளியே நின்றிருந்தோம்.

“வரைஞ்சதும் நீங்க, சரிபார்த்ததும் நீங்க. பரீட்சை எழுதறவங்களே பேப்பரும் திருத்தினா எப்படிம்மா?”

“எழுதுனது தப்பு சார். ஒத்துக்கினேன், அன்னிக்கே திருத்திட்டேன். உங்க மேப்புல ஒரு ஊரே இல்ல. அத யார் திருத்துவாங்க?”

“கம்ப்ளைன்ட் மெயில் போட்டிருக்கேன்.”

“பதில் வந்துச்சா சார்?”

சார் பேச்சை மாற்றினார். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுங்கள், அந்த ஏரிக்கரை ரோட்டையே மேப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன், பிரச்சனை முடிந்தது என்றார்.

“பாஸ்வேர்டு என்னுது சார், ரோடு என்னுது இல்ல. அத எடுக்கறதுக்கு என் பாஸ்வேர்டு எதுக்கு? நீங்களே பேர் பதிஞ்சிக்கினு உள்ள போங்க, ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க. எடுத்தீங்கன்னா நான் மறுபடி போடுவேன். அந்த ரோடு கீது சார். தெனம் பஸ்ஸு போவுது. இல்லன்னு என்னால எழுத முடியாது.”

“அப்ப உங்களை இந்த சீட்டுல வெச்சிருக்க முடியாதும்மா.”

“மாத்துங்க சார்.”

அவ்வளவுதான். திங்கள் முதல் அவருக்குத் தண்டலம் பக்கத்து ஷெட்டில் டீசல் பில் பார்க்கிற வேலை. தண்ணீர் பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குத்தான் அந்த ஏரிக்கரை ரூட். ஓடிப்போய் ஸ்கூட்டரை மறித்தேன்.

“திங்கக்கிழமை நான் என்ன செய்யட்டும்க்கா? நீங்க சொல்லுங்க.”

“நான் சொல்லமாட்டேன்பா” என்றார். “நான் சொல்லி நீ போனா, அது ஒரு நாளைக்குத்தான் தாங்கும். உத்தரவும் உன் கையில கீது, ஸ்டீரிங்கும் உன் கையில கீது. நீயே பாத்துக்க.”

எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை பேசுகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று இருந்தது.

திங்கட்கிழமை உத்தரவு ஆபீஸ் கதவில் ஒட்டியிருந்தது. படித்தேன். பஸ்ஸை எடுத்தேன். மெயின் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் காற்றில் என் கண்ணாடியே ஆடியது. இந்த ஓரத்தில் செல்வி நடந்துவருவதை நினைத்துப் பார்த்தேன். ஏரிக்கரை திருப்பம் வந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன். அப்புறம் யோசிக்கவில்லை.

குடியிருப்பில் செல்வி வாசலில் நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பியவள் மாதிரி இல்லை, கையில் வாளி இருந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

“ஸ்டாப்ப எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களேண்ணா.”

“ஆமாம்மா, எடுத்துட்டாவ. கிளம்பி வாங்க, நேரமாவுது.”

உள்ளே ஓடினாள். மாமியார்தான் லஞ்ச் பையை எடுத்துவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

கம்பெனி வாசலில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. நான் போனேனா என்று கேட்கவில்லை. “கரை எப்படி கீது? மழையில எங்கனா அரிச்சிருக்கா?” என்றுதான் கேட்டார். பாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் அரித்திருக்கிறது, ஓரமாக ஓட்டினேன் என்றேன். குறித்துவைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேனேஜர் சார் எனக்கு மெமோ கொடுத்தார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அந்த ரூட்டை வேறொருவனுக்கு மாற்றினார். ஏரிக்குள் பஸ்ஸை இறக்கினானே, அந்தப் புது டிரைவர். அவனும் கரைமேல்தான் போனான், மெமோ வாங்கினான். அதற்கடுத்தவனும் வாங்கினான். பிறகு மெமோ வருவது நின்றுபோனது.

உத்தரவை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. ஆபீஸ் ரெக்கார்டுப்படி ஏரிக்கரையில் ஸ்டாப் கிடையாது. செல்வி இப்போது அவளுடைய லைனுக்கே லீடர். காலை ஷிப்டுக்கு அவள் தினமும் அங்கேதான் ஏறுகிறாள்.